கண்ணும் கருத்தும்: கவனச் சிதறலின் மெய்ப்பாடுகள் குறித்து ஒரு சமூகவியல் நோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'பிராக்குப் பார்த்தல்' என்றொரு தொடர் உண்டு. கரும்பலகையை விட்டு யன்னலுக்கு வெளியே நோக்கும் மாணவனையும், கைவேலையை விட்டு வீதியிலே விழி செலுத்தும் வேலையாளையும் "பிராக்குப் பாராதை" என்று அதட்டுதல் இன்றும் நாம் கேட்கும் வழக்காகும். 'பராக்கு' என்னும் சொல்லின் திரிபே இது. அச்சொல்லுக்குத் தமிழிலே ஒன்றுக்கொன்று முரணான இரு பொருள்கள் உள்ளன. அரசன் வருகையைக் கட்டியங்கூறுவோன் 'பராக்' என்று கூவுமிடத்து அது 'கவனிக்க' என்னும் கட்டளை. மாணவனைக் கண்டிக்கும் ஆசிரியர் வாயிலே அதுவே கவனமின்மையின் பெயர். கவனி என்று கட்டளையிடும் உரிமையும் கவனிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டும் உரிமையும் பெரும்பாலும் ஒரே தரப்பாரிடமே இருந்து வந்துள்ளன என்பதை இவ்விரு பொருள்களும் அருகருகே நின்று நினைவூட்டுகின்றன.

கவனச் சிதறல் கண்ணிலே எவ்வாறு புலப்படுகின்றது என்பது பற்றி உடலியலாளரும் உளவியலாளரும் அண்மைக் காலத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வின் பேறுகளைத் தமிழ் வாசகருக்கு எடுத்துரைப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அக்குறிகளை வாசிப்பவர் யார், வாசிக்கப்படுபவர் யார், அவ்வாசிப்பின் விளைவு என்ன என்னும் வினாக்களை யாழ்ப்பாணச் சமூக வரலாற்றின் பின்னணியில் எழுப்புவது இரண்டாவது நோக்கம். இவ்விரண்டையும் பிரித்து நோக்க முடியாது என்பதே எமது வாதத்தின் சாரமாகும்.

1. மெய்ப்பாடும் நிலைக்களனும்

அகத்தே நிகழ்வது புறத்தே உடலில் வெளிப்படும் என்னும் கருத்தைத் தமிழிலே முறைப்படுத்திக் கூறும் பழைய பகுதி தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலாகும். அதன் பதிப்பு வரலாற்றிலே யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பிடம் உண்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தை அச்சேற்றினார். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு, மெய்ப்பாட்டியல் அடங்கிய பிற்பகுதி பேராசிரியர் உரையுடன் 1943இல் சுன்னாகத்திலிருந்து வெளிவந்தது.

மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகள் கூறப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் வகுக்கப்பட்டுள்ளமை ஈண்டு விதந்து நோக்கற்பாலது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இழிவும் இழப்பும் தளர்ச்சியும் மட்டுமன்றி வறுமையும் நிலைக்களனாகக் கூறப்படுகின்றது. கண்ணீரைக் கண்ட மாத்திரத்தே அதன் பொருள் முடிந்துவிடுவதில்லை; அது எந்தக் களத்திலிருந்து பிறந்தது என வினாவுதல் வேண்டும் என்பதே இவ்வைப்பு முறையின் உட்கிடை. இவ்வெட்டுக்கும் புறம்பாக மேலும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை அவ்வியல் அடுக்கிச் செல்கின்றது. நினைதல், கருதல், கனவு, துஞ்சல், மடிமை, பொச்சாப்பு என்பன அவற்றுட் சில. இன்று 'கவனச் சிதறல்' என்னும் ஒரே பெயரால் நாம் சுட்டும் நிலைகள் பலவும் இப்பட்டியலில் வெவ்வேறு பெயர்களோடு நிற்கின்றன. நினைவில் ஆழ்ந்தவன், உறக்கத்தில் தளர்ந்தவன், சோம்பியவன், மறதியுற்றவன் ஆகிய நால்வரும் வெளிப்பார்வைக்கு ஒருபோலத் தோன்றலாம். அவர்களை ஒருவராகக் கொள்ளுதல் தவறென்பதைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார் எனலாம். கண்ணாலும் செவியாலும் திண்மையாக உணரும் ஆற்றல் உடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருளைத் துணிதல் அரிது என்னும் எச்சரிக்கையோடு அவ்வியல் முடிகின்றது.

திருக்குறளிலே 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளமை பலரும் அறிந்ததே. பொருட்பாலில் உள்ள 71ஆம் அதிகாரம் அரசனது உள்ளக் குறிப்பை அமைச்சன் முகத்தாலும் கண்ணாலும் அறிதலைக் கூறுகின்றது. காமத்துப்பாலில் உள்ள 110ஆம் அதிகாரம் காதலர் இருவர் ஒருவர் கண்ணை ஒருவர் வாசித்தலைக் கூறுகின்றது. முன்னையதில் ஆளப்படுபவன் ஆள்பவனின் கண்ணை வாசிக்கின்றான். தன் வாழ்வு அதிற் தங்கியிருப்பதால் வாசிக்கின்றான். பின்னையதில் இருவரும் ஒப்ப நின்று வாசிக்கின்றனர். வாசிப்புத் தவறின் உடனே திருத்திக்கொள்ள இருவருக்கும் இடமுண்டு. ஆள்பவன் ஆளப்படுபவனின் கண்ணை வாசிக்கும் மூன்றாவது வகையொன்றும் உண்டு. மேற்பார்வையாளர், பரீட்சை மேற்பார்வைப் பொறி ஆகியோரும் ஆகியவையும் சேர்ந்து நவீன சமூகத்திலே பெருக்கியிருப்பது இந்த மூன்றாவது வகையையே.

2. கண்ணின் சுகரணம்

உடலியலைத் தமிழிற் கற்பித்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மானிப்பாயில் வைத்தியக் கல்வியை நடத்தி, பின்னர் அதனைத் தமிழ்மொழி மூலமே போதித்தார். உடற்கூற்றியல், உடலியல், இரசாயனவியல் முதலிய துறைகளில் அவரும் அவருடைய மாணாக்கரும் ஆக்கிய தமிழ் நூல்கள், உடலியலைச் 'சுகரணம்' என்று பெயரிட்டு வழங்கின. அந்த மரபை நினைவிற் கொண்டு, கண்ணின் சுகரணத்தை எளிய முறையில் விளக்குவோம்.

வாசிக்கும்போது கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதாக நாம் உணர்கின்றோம். உண்மையில் அது பாய்ந்து பாய்ந்து செல்கின்றது. 1870களின் இறுதியில் பிரான்சிய கண் வைத்தியர் எமில் யாவாலின் ஆய்வுகூடத்திலே இது தெளிவாக்கப்பட்டது. ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையே கண் சிறிது தரிக்கும். அத்தரிப்பிலேதான் எழுத்துப் புலனாகின்றது. தேர்ந்த வாசகர் ஒருவருக்கு அத்தரிப்பு ஏறக்குறைய ஒரு செக்கனின் நாலிலொரு பங்கு நீடிக்கும். பழகிய சொல்லில் தரிப்புக் குறுகும். அரிய சொல்லிலோ நீண்ட சொல்லிலோ தரிப்பு நீளும். ஆகவே கண்ணின் தரிப்பு, கருத்தின் உழைப்புக்கு ஓர் அளவாகின்றது.

கருத்து அகன்றதும் இந்த இசைவு தளர்கின்றது. 2010இல் எரிக் றைக்கிளும் அவரோடிணைந்தோரும் வெளியிட்ட ஆய்வொன்றில் நால்வர் மட்டுமே பங்குபற்றினர். ஜேன் ஒஸ்ரினின் நாவலொன்றைப் பல நாள்களாகக் கணினித் திரையில் அவர்கள் வாசித்தனர். தம் மனம் அலைந்ததை உணர்ந்தபோது ஒரு விசையை அழுத்துமாறு கேட்கப்பட்டனர். இடையிடையே ஆய்வாளரும் வினவினர். மனம் அலைந்த வேளைகளிலும் கண் வரிகளின்மீது ஓடிக்கொண்டேயிருந்தது. ஆயினும் தரிப்புகள் நீண்டன. அரிய சொல்லென்றும் பழகிய சொல்லென்றும் கண் முன்போல் வேறுபாடு காட்டவில்லை. பக்கத்தைப் புரட்டிய பின்பு எதுவும் மனதிற் பதியவில்லை என உணரும் அனுபவம் எம்மில் எவருக்கும் புதியதன்று. அதன் உடலியற் சுவடு இதுவே.

இரண்டாவது குறி இமைத்தல். ஓய்வு நிலையில் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்குப் பதினைந்து முதல் இருபது தடவை வரை இமைக்கின்றார். கண்ணை ஈரமாக வைத்திருக்க இத்துணை இமைப்புகள் வேண்டியதில்லை. எஞ்சியவற்றுக்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும். கனடாவின் வோட்டர்லூப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டானியல் சிமிலெக் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, மனம் அலையும் வேளையில் வாசகர் கூடுதலாக இமைப்பதைக் காட்டியது. உள்ளே திரும்பிய மனம் வெளியிலிருந்து வரும் காட்சியைத் தடுப்பதற்கு இமையைத் திரையாக்குகின்றது என்பது அவர்களது விளக்கம். யப்பானிய ஆய்வாளர் தமாமி நக்கானோவும் அவரது குழுவினரும் 2009இலும் 2013இலும் வெளியிட்ட முடிவுகள் இதற்கு மேலும் ஒளியூட்டின. ஒரே திரைப்படத்தைப் பார்ப்போர் கதையின் சிறு இடைவெளிகளில் பெரும்பாலும் ஒருங்கே இமைக்கின்றனர். ஒவ்வோர் இமைப்பின்போதும் மூளையில் புறக்கவனத்துக்குரிய பகுதிகள் தாழ்ந்து, அகநினைவுக்குரிய வலைப்பின்னல் எழுகின்றது. எனவே இமைப்பு கவனச் சிதறலின் குறியாக இருக்கலாம்; கவனத்தோடு கேட்பவன் இடும் நிறுத்தற்குறியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது குறி கண்மணி. அது ஒளிக்கேற்ப ஏறக்குறைய இரண்டு முதல் எட்டு மில்லிமீற்றர் வரை சுருங்கி விரிவது. 1964இல் எக்காட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ற் ஆகியோர், மனக்கணக்குச் செய்வோரின் கண்மணி கணக்கின் கடுமைக்கேற்ப விரிந்து, விடை கிடைத்தபின் சுருங்குவதைக் காட்டினர். 1966இல் டானியல் கானமனும் ஜக்சன் பீற்றியும், நினைவில் வைத்திருக்க வேண்டிய எண்கள் கூடக்கூடக் கண்மணியும் விரிவதை நிறுவினர். இம்மாற்றம் அரை மில்லிமீற்றர் அளவினதே. அதை வெறுங்கண்ணாற் காண்பது அரிது. மூளைத்தண்டிலுள்ள 'நீலப்புள்ளி' என்னும் சிறு நரம்புத்தொகுதி நோர்அட்ரினலினைச் சுரந்து விழிப்பு நிலையை ஒழுங்குபடுத்துகின்றது. அதன் தொழிற்பாட்டோடு கண்மணியின் அளவு தொடர்புற்றிருப்பதாலேயே கண்மணி மனத்தின் உழைப்புக்குச் சாட்சியாகின்றது.

நான்காவது குறியை மக்கள் எக்கருவியுமின்றியே அறிவர். 'முழுசிக்கொண்டிருக்கிறான்' என்று யாழ்ப்பாணத்தார் கூறுவது அதுவே. எதிரிலுள்ள பொருளின்மீது ஒன்றுகூட வேண்டிய இரு விழிகளின் பார்வைக் கோடுகளும் சிறிது அகன்று, பொருளை ஊடுருவி அப்பால் எதையோ நோக்குவது போன்ற தோற்றம் உண்டாகின்றது. அகத்தே கருத்துச் செலுத்தும்போது விழிகளின் குவிவு தளர்வதைப் பரிசோதனைகளும் உறுதிப்படுத்தியுள்ளன.

3. குறி சொல்லாதவை

இக்குறிகள் உண்மையானவை. அவற்றை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயினும் அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை வரையறுத்தல் இன்றியமையாதது.

முதலாவதாக, குறிகள் ஒருமுகமாக அமைவதில்லை. மனம் அலையும்போது கண்மணி விரிகின்றது எனச் சில ஆய்வுகளும், சுருங்குகின்றது எனச் சில ஆய்வுகளும் கூறுகின்றன. கனவில் கிளர்ச்சியுற்றவனும் களைப்பில் தளர்ந்தவனும் 'மனம் அலைந்தவர்' என்னும் ஒரே பெயரின்கீழ்ச் சேர்க்கப்பட்டமை இம்முரண்பாட்டுக்கு ஒரு காரணமாகலாம்.

இரண்டாவதாக, பார்வையைத் திருப்புதல் பல வேளைகளில் கவனத்தின் கருவியாகும். 1998இல் ஆதர் கிளென்பேர்க் முதலானோர், கடினமான வினாவுக்கு விடை தேடுவோர் கேட்பவரின் முகத்தை விட்டுப் பார்வையை அகற்றுகின்றனர் என்றும், அவ்வாறு அகற்றுவது நினைவுகூர்தலுக்கு உதவுகின்றது என்றும் காட்டினர். ஸ்கொட்லாந்தில் பாடசாலைச் சிறுவரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளும் இதையே கூறுகின்றன. கூரையை நோக்கும் மாணவன் விடையைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவ்வேளையில் "இங்கே பார்" என்று அதட்டும் ஆசிரியர், அவன் தேடிய விடையைத் தாமே கலைத்துவிடுகின்றார்.

மூன்றாவதாக, குறி நோயினதாகவும் இருக்கலாம். கிட்டப்பார்வையுள்ள பிள்ளை கண்ணைச் சுருக்கும், அடிக்கடி இமைக்கும், கரும்பலகையை விட்டு அயல்பிள்ளையின் கொப்பியை நோக்கும். வலிப்பு நோயின் ஒரு வகையில், பிள்ளை விழுவதுமில்லை, நடுங்குவதுமில்லை. சில செக்கன்கள் வெறித்து நோக்கி, இமை துடித்து, பின் எதுவும் நிகழாதது போல் தன் வேலையைத் தொடரும். நாளொன்றுக்குப் பல தடவை நிகழக்கூடிய இது, பகற்கனவு என்று வகுப்பறையிலே ஆண்டுக்கணக்கிற் கண்டிக்கப்படுவதுண்டு. பகற்கனவில் இருப்பவனைப் பெயர் சொல்லி அழைத்தாலோ தொட்டாலோ திரும்புவான். இந்நோயால் வெறிப்பவன் அவ்வேளையில் திரும்பான். இச்சிறு வேறுபாட்டை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

நான்காவதாக, மனம் அலைதல் விதிவிலக்கான நிகழ்ச்சியன்று. 2010இல் கிலிங்ஸ்வேத், கில்பேட் என்னும் இருவர் 2,250 பேரிடம் அன்றாட வாழ்வின் நடுவே கைத்தொலைபேசி வழி வினவியபோது, ஏறக்குறைய 47 விழுக்காடு வேளைகளில் அவர்கள் செய்துகொண்டிருந்ததன்றி வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தனர். மனிதர் விழித்திருக்கும் வேளையில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு கழியுமாயின், அதைக் குற்றமென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. நாளைய வேலையைத் திட்டமிடுதல், கடனை எண்ணிப் பார்த்தல், இறந்தவரை நினைத்தல் எல்லாம் இப்பாதியுள் அடங்கும்.

இவற்றோடு சோவியத் அறிவியலாளர் அல்பிரட் யார்பஸ் 1965இல் வெளியிட்ட நூலின் முடிவு ஒன்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும். இலியா றேப்பின் வரைந்த, எதிர்பாராது வீடு திரும்பியவர் ஒருவரைக் காட்டும் ஓவியத்தை ஒருவரிடம் பல தடவை காட்டி, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு வினாவை அவர் முன்வைத்தார். ஓவியத்திலுள்ளோரின் வயதைக் கேட்டபோது கண் முகங்களின்மீது சென்றது. அக்குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கேட்டபோது கண் தளபாடங்களையும் உடைகளையும் நாடியது. ஓவியம் மாறவில்லை, கண்ணும் மாறவில்லை. வினா மாறவே பார்வை மாறிற்று. கவனம் என்பது புறத்தேயுள்ள பொருளால் மட்டும் ஈர்க்கப்படுவதன்று, உள்ளே எழும் வினாவால் வழிநடத்தப்படுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிள்ளையின் கண் பாடத்தில் நிலைக்காதபோது, அப்பாடம் பிள்ளையின் எந்த வினாவுக்கு விடையாக அமைந்தது என்றும் நாம் கேட்டல் வேண்டும்.

4. கவனமும் உழைப்பும்

கவனத்தைச் சமூக உற்பத்தியோடு தொடர்புபடுத்தி நோக்கிய முன்னோடிகளுள் கார்ல் மார்க்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியிலே உழைப்பின் இயல்பை விளக்குமிடத்து, உடலுறுப்புகளின் முயற்சியோடு, கவனமாக வெளிப்படும் உறுதியான சித்தமும் உழைப்புக் காலம் முழுவதும் வேண்டப்படுகின்றது என்றார். வேலையின் இயல்பும் அது செய்யப்படும் முறையும் உழைப்பாளியை ஈர்க்காத அளவுக்கு, அவனிடமிருந்து வேண்டப்படும் கவனமும் இறுக்கமாகின்றது என்பதும் அவர் சுட்டிய உண்மை. தன் தோட்டத்தில் புகையிலைக் கன்றைப் பேணுபவனுடைய கண்ணைக் காவல் செய்ய எவரும் வேண்டியதில்லை. பிறருக்காக ஒரே அசைவைப் பல்லாயிரம் தடவை செய்பவனுடைய கண்ணுக்கே காவல் தேவைப்படுகின்றது.

கவனச் சிதறல் பற்றிய நவீன அறிவியலின் ஒரு வேரும் இத்தகைய வேலையிலேயே உள்ளது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையின் றாடர்த் திரைகளை மணிக்கணக்கில் நோக்கியிருந்தோர் குறிகளைத் தவறவிட்டமையை ஆராய்ந்த நோர்மன் மக்வேத் 1948இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சலிப்பூட்டும் காவல்வேலையில் முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் சரிகின்றது என்பது அவரது முடிவு. அதிலிருந்து கிடைத்த படிப்பினை வேலையின் ஒழுங்கமைப்பைப் பற்றியது. பணிமுறையைக் குறுக்கி மாற்றாள் இடுதல் வேண்டும் என்பதே அதன் பயன். மனித இயல்பின் எல்லையை ஏற்று வேலையை மாற்றுவது ஒரு வழி. அவ்வெல்லையைக் குற்றமாக்கி மனிதனைத் தண்டிப்பது மற்றொரு வழி.

5. யாழ்ப்பாணத்து வகுப்பறையில் கண்

இவ்விரு வழிகளும் எமது கல்வி வரலாற்றிலே எவ்வாறு மோதின என்பதை இனி நோக்குவோம்.

சாதியமைப்பு கண்ணுக்கும் இலக்கணம் வகுத்திருந்தது. தாழ்த்தப்பட்டோர் உயர்த்தப்பட்டோர் முன்னிலையில் நிமிர்ந்து நோக்குதல் திமிராகக் கொள்ளப்பட்டது. கண்தாழ்த்தி நிற்றல் அடக்கமாகப் போற்றப்பட்டது. அப்பிள்ளைகள் வகுப்பறையுள் வந்தபோது அதே தாழ்ந்த கண் மந்தபுத்தியின் அடையாளமாக வாசிக்கப்பட்டது. அவர்கள் வாங்கில் இருத்தலாகாது; நிலத்திலோ புறத்தேயோ இருத்தல் வேண்டும் என்பது பல பாடசாலைகளில் வழக்கமாயிருந்தது. நிலத்திலிருந்து கரும்பலகையைக் காணமுடியாத பிள்ளையின் கண் அலைந்தால் அதில் வியப்பில்லை. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தையும் சமபந்தியையும் ஆதரித்தது. 1920களின் இறுதியை அடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என அரசு வற்புறுத்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகள் தீயிடப்பட்டமையும் வரலாறு. வாங்கில் ஓரிடம் என்பது கரும்பலகைமீது ஒரு பார்வை என்பதாகும். சம ஆசனப் போராட்டம் கவனிப்பதற்கான உரிமைப் போராட்டமாகவும் இருந்தது என நாம் இன்று கூறலாம். 1967இல் அமைக்கப்பட்ட தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் 1968இன் மாவிட்டபுரப் போராட்டமும் நிமிர்ந்து நோக்கும் உரிமையை வகுப்பறைக்கு வெளியே கோவில் வாசல்வரை கொண்டுசென்றன.

1945இல் வந்த இலவசக் கல்வி வாசலைத் திறந்தது. 1970களின் தரப்படுத்தலை அடுத்துப் பல்கலைக்கழக அனுமதிப் போட்டி கடுமையாகியது. பாடசாலை முடிந்தபின் தனியார் கல்வி நிலையங்களை நாடுவது வழமையாயிற்று. விடியற்காலை ஒரு வகுப்பு, பாடசாலை, மாலையில் இன்னும் இரு வகுப்புகள் என்று ஓடும் மாணவனின் இமை பிற்பகலிலே தாழ்வதற்கு உடலியலே போதிய விளக்கம் தரும். ஒழுக்கவியலைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை.

போர்க்காலம் இதனினும் பாரதூரமானது. 1990இலிருந்து குடாநாடு மின்சாரமின்றி இருளில் மூழ்கியது; பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய்விட்டுத் திரியிட்ட விளக்கொளியில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. 1995 ஒக்ரோபர் 30இல் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வு பாடசாலைகளையும் பிள்ளைகளையும் ஒருங்கே பெயர்த்தது. வானூர்தி ஒலிக்குச் செவிகொடுத்துப் பழகிய பிள்ளை, வகுப்பறையில் ஆசிரியரை நோக்கியபடியே வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது கவனமின்மையன்று, உயிர்காக்கும் கவனம் பிறிதோரிடத்தில் ஈடுபட்டிருந்தமையாகும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல் போர் ஈழத்தமிழர் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களை விரிவாகப் பதிவுசெய்தது. வெறித்த பார்வையும் மனத்தை ஒருமுகப்படுத்த இயலாமையும் அத்தகைய வடுவின் அறிகுறிகளாகலாம் என்பது உளமருத்துவத்தின் பொதுவான முடிவு. அவ்வடுவைச் சோம்பலென்று வாசித்து அடித்த கைகளும் எமது சமூகத்தில் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் காலையுணவின்றி வந்த பிள்ளைகளின் கண்களும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கனவே. தொல்காப்பியர் அழுகையின் நிலைக்களன்களுள் வறுமையையும் வைத்தார். நாம் பிராக்கின் நிலைக்களன்களுள்ளும் அதை வைத்து எண்ணுதல் வேண்டும்.

6. பொறியின் கண்

இன்று கண்ணை வாசிப்பதற்குப் பொறிகள் வந்துள்ளன. கமெராவும் கணினியும் இமைப்பை எண்ணுகின்றன. பார்வையின் திசையைக் கணிக்கின்றன. இவற்றால் விளையும் நன்மையை மறுக்கவியலாது. வாகன ஓட்டுநரின் சோர்வைக் கண்டறியும் ஒரு முறையிலே, இமை எண்பது விழுக்காட்டுக்கு மேல் மூடியிருக்கும் நேரத்தின் பங்கு கணிக்கப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய வாகனங்கள் அனைத்திலும் ஓட்டுநரின் சோர்வை உணர்ந்து எச்சரிக்கும் அமைப்பு இருத்தல் கட்டாயம். இரவிரவாகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து ஓட்டுபவருக்கும் அவரை நம்பி உறங்குவோருக்கும் இத்தகைய எச்சரிக்கை பயன்படும். எனினும் எச்சரிக்கை ஒலித்தபின் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி உறங்குவதற்கு அவருடைய வேலைநேரமும் சம்பளமும் இடந்தருமா என்பது பொறி விடையளிக்க முடியாத வினா.

2020இல் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதிய மாணவரைக் கண்காணிக்க மென்பொருள்களை நாடின. திரையை விட்டுக் கண்ணை அகற்றிய மாணவர் ஐயத்துக்குரியவராகக் குறிக்கப்பட்டனர். கடினமான வினாவுக்கு விடை தேடுபவர் பார்வையை அகற்றுவது இயல்பு என்பதை மேலே கண்டோம். சிந்திப்பதன் அடையாளமே களவின் அடையாளமாகப் பதிவாயிற்று. ஆசிரியரின் தவறான வாசிப்பை மாணவன் அவர் முகத்தைப் பார்த்து மறுக்கலாம். சிலவேளை அவர் ஏற்பார். பொறியின் வாசிப்போ அளவையின் தோற்றத்தோடு வருவதால் மறுப்பதற்கு அரிதாகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றி, 2025 பெப்ரவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியொன்று, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்காகவன்றி, வேலைத்தலங்களிலும் கல்விநிலையங்களிலும் பொறிகள் மனிதரின் உணர்ச்சிகளை ஊகிப்பதைத் தடைசெய்கின்றது. கவனத்தைக் கணிப்பதை அது முழுமையாகத் தழுவுகின்றதா என்பது விவாதத்துக்குரியது. ஆயினும் உடற்குறியிலிருந்து உள்ளத்துக்குப் பாயும் ஊகம், அதிகாரம் ஏற்றத்தாழ்வாக உள்ள இடங்களிலேயே ஆபத்தானது என்பதை அவ்விதி ஏற்றுக்கொண்டமை கருதத்தக்கது.

7. முடிபு

கண்ணிலே தோன்றும் குறிகள் ஒன்றை மட்டுமே உறுதியாகச் சொல்கின்றன: அவ்வேளையில் பார்வையும் கருத்தும் பிணைப்புத் தளர்ந்துள்ளன. கருத்து எங்கே சென்றது, ஏன் சென்றது என்பவற்றை அவை சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தை வாசிப்பவரே நிரப்புகின்றார். சாதி, வர்க்கம், பரீட்சை, இலாபம் ஆகியவற்றின் முன்முடிவுகளே அங்கு பெரும்பாலும் வந்து நிரம்புகின்றன. குறியை அளக்கும் கருவி நுட்பமாவதால் மட்டும் இக்குறை நீங்காது. நிலைக்களனை வினவும் பழக்கம் ஏற்படுதல் வேண்டும்.

அப்பழக்கம் ஆசிரியர் பயிற்சியிலே தொடங்கலாம். கண் அலையும் பிள்ளையைக் கண்டவிடத்து வரிசையாகச் சில வினாக்களைக் கேட்பதற்கு ஆசிரியர் பழக்கப்படுதல் வேண்டும். பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகின்றதா? பெயர் சொல்லி அழைத்தாற் திரும்புகின்றதா? இரவு எத்தனை மணிக்கு உறங்கியது? காலையில் உண்டதா? வீட்டில் நிகழ்ந்தது என்ன? வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருக்கின்றதா? இவை எல்லாவற்றுக்கும் பின்னரே பாடத்தின் சுவையின்மை, பிள்ளையின் சோம்பல் ஆகியவற்றை ஆராய்தல் தகும். அவற்றுள்ளும் முன்னையதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

'பராக்' என்னும் கட்டளையைக் கேட்டுக் கண்ணை நிலைநிறுத்தியவர்களின் நீண்ட வரலாறு எமக்குண்டு. கவனிப்பீராக என்னும் அச்சொல்லைப் பிள்ளைகளின் கண்களை வாசிக்கும் எமக்கு நாமே கூறிக்கொள்ளவேண்டிய காலம் இது.